வலிக்கவில்லை என்றார்

1953 அக்டோபர் 24, சனி

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. இவருடைய வெள்ளை அங்கி சமையலறைக் கொடியில், புகை வாசத்தோடு. அடுத்த ஞாயிறு ராப்போஜனம், சபைக்கு இவர் கையால்தான் அப்பமும் திராட்சரசமும். அதற்குள் காய்ந்தால் சரி.

பள்ளிக்கூடம் அரை நாள். என் இரண்டாம் வகுப்பில் பதினோரு பேர்தான் வந்தார்கள். வாய்ப்பாடு. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இப்போதே தேவதூதர்களைப் பொறுக்கி வைக்க வேண்டுமாம், தலைமையாசிரியை உத்தரவு.

லில்லிக்கு முன்பல் ஆடுகிறது. ஆறு வயது இன்னும் முடியவில்லை. கையை வாயிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள்.

வாங்க: மண்ணெண்ணெய், சோப்பு, வெள்ளை நூல், தேமல் களிம்பு.

களிம்பு இவருக்கு. மத்தியானம் எண்ணெய் தேய்த்துவிடும்போது பார்த்தேன். முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, வெற்றிலை அகலத்துக்கு வெளுத்திருக்கிறது. ஓரம் மட்டும் சிவந்து தடித்து.

"அரிக்குதா?" என்றேன்.

"எது?" என்றார்.

அக். 27, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம், ஜவுளிக்கடை வாசலில் நிற்க இடமில்லை.

சாயங்காலம் சூசன்னா தையலுக்கு வந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை. எட்டாம் மாதம், மூச்சு வாங்குகிறது. எங்கள் சபை மூப்பரின் மருமகள். புருஷன் என்ஜின் ஷெட்டில் வேலை. முன்னே இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை. இரண்டு தடவையும் இவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். அதனால் அவளுக்கு இவர் சொன்னால் சொன்னதுதான். "ஐயா ஜெபம் பண்ணிட்டாரு, இது தங்கும்மா" என்று ஊசி கோத்துக்கொண்டே சொன்னாள்.

இவர் இடது கைச் சுண்டுவிரலில் பெரிய கொப்புளம். காலையில் கஞ்சிப் பானையைத் துணி பிடிக்காமல் இறக்கினாரே, அதுவாகத்தான் இருக்கும்.

"எப்ப சுட்டுது?"

"தெரியலையே" என்றார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுட்டிருந்தா எனக்குத் தெரியாதா?"

களிம்பு மூன்று நாளாகத் தடவுகிறேன். குறையவில்லை.

அக். 30, வெள்ளி

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள்.

நூர்ஜகான் அக்கா முட்டை கொண்டுவந்தாள். பக்கத்துத் தெரு, அவள் புருஷனுக்குக் கடைத்தெருவில் வளையல் கடை. இவர் லில்லியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்போது அவர் கையைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா வெரல்ல இன்னா?"

"சுட்டுக்கொண்டார் அக்கா. சுட்டதே தெரியவில்லையாம்."

அவள் முகம் மாறியது. முட்டையை எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"தெரியலன்னா சொன்னாரு?"

பிறகு அவள் அண்ணன் கதையைச் சொன்னாள். சதுரங்கப்பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் பண்ணியவர். "மொதல்ல அப்டித்தான் டீச்சரம்மா. பீடி வெரல சுட்டுகினே கீது, இவரு பேசிகினே கீறாரு. முதுகுல, தொடையில எங்கனா வெளுத்து கீதா, பாத்தியா?"

இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

"கீதுன்னா மறைக்காத. ஏரிக்கு அந்தாண்ட பெருநோய் ஆஸ்பத்திரி கீதுல்ல, இப்ப மாத்திரை தராங்க. எங்க அண்ணனுக்கு நல்லாப் போச்சு."

நல்லாயிற்றே என்றேன்.

"நோவு போச்சு. கல்யாண வூட்ல இன்னும் அவருக்குத் தனி லோட்டாதான்."

அவள் போன பிறகு முட்டை ஒன்று கை தவறி உடைந்தது. எழுதுவதற்கு வேறு ஒன்றுமில்லை. எழுதவும் பயம்.

அக். 31, சனி

எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம். இவர் சட்டையில்லாமல் மேஜையில் உட்கார்ந்து நாளைய பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். நான் களிம்போடு பின்னால். தலையில் செருகியிருந்த கொண்டையூசியை எடுத்தேன். வெளுத்த இடத்துக்கு வெளியே லேசாகத் தொட்டேன். "ஏய்" என்று தோளைக் குலுக்கினார். உள்ளே தொட்டேன். ஒன்றுமில்லை. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

இவர் திரும்பவில்லை. "எஸ்தர், தாங்குதல்ங்கிறதுக்கு வேற நல்ல வார்த்தை சொல்லு. நாலு தரம் எழுதிட்டேன்" என்றார்.

பிரசங்கம் அதைப் பற்றித்தான். விழாமல் பிடிக்கிற கை. நாம் அறியாதபோதும் கர்த்தர் நம்மைப் பிடித்திருக்கிறார் என்று.

"ஏந்துதல்" என்றேன். ரத்தத்தை முந்தானையால் துடைத்தேன்.

கிணற்றடிக்குப் போய் வாளியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு அழுதேன். லில்லி வந்து, "ஏம்மா வாளியை அடிக்கிற?" என்றாள்.

நவ. 1, ஞாயிறு

அங்கி காய்ந்துவிட்டது.

காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். இவர் ஜெபத்தில் இருந்தார். சரி, காப்பிக்குப் பிறகு. அதற்குள் மூப்பர் சாவி கேட்டு வந்துவிட்டார். பிறகு மணி. பிறகு கோவில் நிறைய ஜனம்.

ஒரே பாத்திரம். அதே கை. ஒவ்வொருவர் வாயிலும் வைத்து எடுத்தார். கொப்புளம் உடைந்திருந்தது, துணி சுற்றியிருந்தார். எனக்கு முன்னால் சூசன்னா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலில். அவள் குடித்தாள். அவள் தோளைத் தொட்டு இழுத்திருக்கலாம். கை எட்டும் தூரம்தான்.

அடுத்து நான். குடித்தேன்.

நவ. 3, செவ்வாய்

லில்லியின் பாயை என் பக்கம் போட்டேன். அவளுக்குச் சளி, உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இவரிடம் பொய். அவள் தட்டு தனி. அவள் ஓடிப் போய் இவர் மடியில் ஏறினால், "இங்கே வா, தலை வாரணும்" என்று கூப்பிடுகிறேன். இன்று நாலு முறை வாரினேன்.

"பிள்ளையை ஏன் எங்கிட்ட விட மாட்டேங்கிற?" என்றார் இவர். கோபமில்லை. அது இன்னும் கஷ்டம்.

பல் விழுந்துவிட்டது. கூரைமேல் எறிந்தோம்.

நவ. 5, வியாழன்

கிழக்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. காற்று இல்லை. காக்கை சத்தம்கூட இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பத்து வீட்டுச் சபை. மாதம் ஒரு முறை இவர் போவார். இன்றைக்குப் போக வேண்டாம் என்றேன். தபாலாபீசில் புயல் கொடி பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். "புயல்னா அவங்க தனியாவா இருக்கணும்?" என்று சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவில் எப்படி.

நவ. 7, சனி

நேற்று மத்தியானம் தொடங்கிய காற்று. வேப்பமரத்தின் பாதி முற்றத்தில். சமையலறை ஓடு பறந்து கஞ்சிக்குள் மழை. பள்ளிக்கூடம் இல்லை. பஸ் திருக்கழுக்குன்றத்தோடு நிற்கிறதாம், அப்பால் கால்வாய் பொங்கி ரோட்டில் தண்ணீர்.

இவரிடமிருந்து தகவல் இல்லை.

மூப்பர் குடையோடு வந்தார். "கவலைப்படாதீங்கம்மா, ஐயா கர்த்தர் வேலையா போனவரு" என்றார். "குப்பத்துல நாலு கட்டுமரம் போயிடுச்சின்னு சொல்றாங்க. ஆள் யாருன்னு தெரில" என்றும் சொன்னார்.

இதை எழுதக் கூடாது. எழுதினால்தான் தலையை விட்டு இறங்கும். அவர் போன பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இவர் திரும்பி வராவிட்டால் என்று தோன்றியது. கடலில் போனால் ஊரே அழும். நல்ல போதகர் என்று சொல்லும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. லில்லியை யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

ஒரு நிமிஷம் அது ஆறுதலாக இருந்தது. ஒரு முழு நிமிஷம்.

கர்த்தாவே, நான் யார்?

நவ. 8, ஞாயிறு

மழை நின்றது. காற்று மட்டும். மூப்பர் ஆராதனை நடத்தினார். பாட்டு பாதியில் இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். சூசன்னா என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உருவிக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை.

நவ. 9, திங்கள்

வந்துவிட்டார். காலை பத்து மணிக்கு, முழங்கால் வரை சேறு, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு. லில்லி கத்திக்கொண்டு ஓடினாள். தடுக்கவில்லை.

கொள்ளைச் சந்தோஷம் இவருக்கு. வேஷ்டியைக்கூட மாற்றாமல் சொல்லிக்கொண்டே போனார். அலை குடிசை வரை வந்ததாம். எல்லாரும் சேர்ந்து கட்டுமரங்களைச் சவுக்குத் தோப்புக்குள் இழுத்தார்களாம். நாலு போய்விட்டது, மீதி பிழைத்தது. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

"கயிறு கையை அறுத்துடுச்சு. எல்லாருக்கும் கையில ரத்தம், எரியுது எரியுதுன்னு கத்தறாங்க. எனக்கு வலிக்கவே இல்ல, எஸ்தர். இதைப் பாரு. வலியே இல்ல. அந்த நேரத்துல கர்த்தர் எப்படித் தாங்கினாரு பாத்தியா?"

கையை நீட்டினார். சுண்டுவிரல் ஓரம் முழுக்கத் தோல் இல்லை. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. மூன்று நாள் அப்படியே இருந்திருக்கிறார், மணல் ஒட்டியிருந்தது.

இதை வரும் ஞாயிறு சாட்சியாகச் சொல்லப் போகிறாராம்.

வெந்நீர் வைத்துக் கழுவினேன். மணலை ஒவ்வொன்றாக எடுத்தேன். இவர் லில்லியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நவ. 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

லில்லியை நூ. அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்தி, நின்றுகொண்டே.

"அது தாங்கினது இல்லைங்க. உங்களுக்கு அங்க உணர்ச்சி இல்ல."

புரியவில்லை இவருக்கு. முதுகைப் பற்றிச் சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் வந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சட்டையைக் கழற்றி, வலது கையைப் பின்னால் வளைத்து, அந்த இடத்தைத் தேடினார். எட்டவில்லை. என் கையைப் பிடித்து, "எங்க? எங்க?" என்றார். தொட்டுக் காட்டினேன். "தொடு" என்றார். "தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "யார்கிட்ட சொன்ன?"

யாரிடமும் இல்லை.

"கிறிஸ்துமஸ் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காத."

பத்து நாள் நான் சொல்லாமல் இருந்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அதைத் தொடர்ந்து செய்யச் சொல்கிறார். எனக்கு வந்த பயம் நோயைப் பார்த்து வந்த பயமில்லை.

நவ. 13, வெள்ளி

இவர் சவரம் செய்துகொள்ளவில்லை. சூசன்னா மாமனாரோடு வந்து பிரசவத்துக்கு ஜெபம் பண்ணச் சொன்னாள். தலைவலி என்று உள்ளே படுத்துக்கொண்டார். அவள் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனாள்.

பள்ளி: தேவதூதர்கள் எட்டுப் பேர். இறக்கை அட்டையில்.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். இவர் வேதத்தைத் திறந்தார், மூடினார். லில்லி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "அப்பா, ஆரம்பிங்க."

பத்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் வாய்விட்டு ஜெபித்ததில்லை. அது இவர் வேலை. இன்று நான் செய்தேன். அழகாக வரவில்லை. "அப்பா, எங்களுக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எங்களால் நிற்க முடியவில்லை. நீர் பிடித்துக்கொள்ளும். இதை இந்தப் பிள்ளையிடம் அண்டவிடாதேயும். ஆமென்." அவ்வளவுதான்.

இவர் குலுங்கி அழுதார். லில்லியும் அழுதாள், எதற்கென்று தெரியாமல்.

பிறகு இவர்: "செவ்வாய்க்கிழமை போகலாம்."

நவ. 17, செவ்வாய்

போன ஞாயிறும் இவர் தலைவலி என்று ஆராதனையை மூப்பரிடம் விட்டுவிட்டார். இன்று தலைமையாசிரியையிடம் வயிற்றுவலி என்று எனக்கு லீவு. இதுதான் கடைசிப் பொய் என்று இவரிடம் சொன்னேன்.

நடந்தே போனோம், மூன்று பேரும். ஏரியில் தண்ணீர் கரை தொட்டு நிற்கிறது. ரயில் ஒன்று ஏரி ஓரமாகப் போனது, லில்லி கையசைத்தாள். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று நான் முக்காடு இழுத்தேன். இவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை.

டாக்டர் இளவயது. இறகு, குண்டூசி, வெந்நீர்க் குழாய் ஒன்று, குளிர்ந்தது ஒன்று. முழங்கைக்கு உள்பக்கம் விரலால் உருட்டிப் பார்த்து, "நரம்பு தடிச்சிருக்கு" என்றார். காது மடலில் கீறி எடுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். அந்த அரை மணி.

ஆம். அதுதான்.

ஆனால் பரவாத வகையாம். இவர் மூலம் யாருக்கும் வராதாம், பாத்திரத்திலும் சரி, பாயிலும் சரி. மாத்திரை, வருஷக்கணக்கில். போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்தச் சுண்டுவிரல் வளைய ஆரம்பிக்கலாம். தினம் கையைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"வலி இல்லேன்னு சந்தோஷப்படாதீங்க ஐயா. வலிக்கிற விரல்தான் உங்களைக் காப்பாத்தற விரல்" என்றார் டாக்டர்.

லில்லியை நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டியாங்க." என்னையும் பார்த்தார்கள். இல்லை.

திரும்பும்போது கரையில் உட்கார்ந்தோம். இவர் சொன்னார்: "நான் தாங்கினார் தாங்கினார்னு பிரசங்கம் பண்ணினேன். எனக்கு ஒண்ணுமே பாரமா இருந்ததில்ல எஸ்தர். இப்பதான் பாரம். இனிமேதான் பார்க்கணும்."

ஞாயிறு சபையில் சொல்லிவிடப் போகிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

நவ. 22, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

பிரசங்க நேரத்தில் பீடத்தில் ஏறவில்லை. கீழே நின்றார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். நோயின் பெயரைச் சொன்னார். பெரிய வியாதி என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை, குஷ்டம் என்றார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

பிறகு பெண்கள் பக்கம் பாய் உரசும் சத்தம். என்னைச் சுற்றி இடம் உண்டானது. லில்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையை அதன் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

மூப்பர் எழுந்தார். "பரவாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. நம்ம வூட்டுக் கொழந்தைங்களுக்கு யாரு பதில் சொல்றது? ஐயாவுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"இந்த மாசம் பத்தாம் தேதி."

"அப்ப போன ராப்போஜனம் அன்னிக்குத் தெரியாது."

"தெரியாது."

மூப்பர் தலையாட்டினார். கொஞ்சம் இளகினார். "வூட்ல வேற யாருக்கும் தெரியாதா?"

இவர் எனக்கும் மூப்பருக்கும் நடுவில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என்னை மறைத்துக்கொண்டு நின்றார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தால் அதோடு போயிருக்கும்.

எழுந்தேன் என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது. யாரோ கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியது போல. இதை மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும். ராப்போஜனத்துக்கு முந்தின நாளே தெரியும். ஊசியால் குத்திப் பார்த்தேன். சொல்லாமல் இருந்துவிட்டேன். இவர் மேல் குற்றமில்லை."

சூசன்னா திரும்பினாள். நான் பார்த்தது அவள் முகம் மட்டும்தான்.

"தெரிஞ்சுமா? நான் உங்க முன்னாடிதானே முட்டி போட்டிருந்தேன்? என் வவுத்துல இருக்கறத தெரிஞ்சுமா என்னக் குடிக்க விட்டீங்க?"

டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. ஆபத்து என்று நினைத்துக்கொண்டுதான் அவளைக் குடிக்கவிட்டேன்.

"ஆமாம்" என்றேன்.

ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே பாதிக் கோவில் காலி.

நவ. 23, திங்கள்

பள்ளிக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள், "தகவல் தரும் வரை". லில்லியும் வர வேண்டாமாம்.

மூப்பர் மேலிடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். பதில் வரும் வரை இவர் பீடத்தில் ஏறக் கூடாது.

பால்காரன் செம்பைத் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றுகிறான். பாதி கீழே.

இவர் மாத்திரை போட்டுக்கொண்டார். காலையில் கையைப் பார்த்தோம். புதுக் காயம் இல்லை.

நவ. 26, வியாழன்

சூசன்னாவுக்கு இரண்டு நாளாக நோவு. என்னை யார் விடுவார்கள்? நூ. அக்கா போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். "நர்ஸு வந்துகீது." "இன்னும் ஆவல." "தலை தெரியுதாம்."

என்னால்தான் என்று ஊர் சொல்கிறது. பயத்தில் நோவு கண்டுவிட்டது என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இவர் நாள் முழுக்க முழங்காலில். நான் பாத்திரம் கழுவினேன், திரும்பக் கழுவினேன், கர்த்தாவே கர்த்தாவே என்று. வேறு வார்த்தை இல்லை.

நாலரைக்கு நூ. அக்கா. "பொண்ணு. ரெண்டு உசிரும் கீது. ஆனா கொழந்த ரொம்ப சின்னது டீச்சரம்மா. கையில எடுக்கவே பயமா கீது."

டிச. 6, ஞாயிறு

திரும்ப மழை. மூப்பர் ஜெபம் நடத்தினார், நாங்கள் வெளிவாசலில் நின்று கேட்டோம். போகச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

இவர் சுண்டுவிரல் நேராக நிற்கவில்லை. கவனித்தேன். இவரும் கவனித்துவிட்டார். மறைக்காமல், "வளையுது இல்ல?" என்றார். ஆம் என்றேன். எண்ணெய் போட்டு நீவினேன், டாக்டர் சொன்னபடி.

டிச. 9, புதன்

காலை ஏழு மணி. மழை. வாசலில் சூசன்னா. பச்சை உடம்புக்காரி, தலையில் கோணிப்பை, கையில் துணிச் சுருள். கூட யாருமில்லை.

ஓடினேன். "கிட்ட வராதீங்க" என்றாள். நின்றேன்.

"நேத்துலேர்ந்து பால் குடிக்கல. தொண்டையில எறங்கல. மாமா, வேற சபை ஐயா வந்ததும் ஞானஸ்நானம் பண்ணிக்கலாம்னு சொல்றாரு. அதுவரைக்கும் இது இருக்குமா?" அழவில்லை. அழுது முடித்த முகம். "ஐயாதான் பண்ணணும். என் ரெண்டு புள்ளயையும் தூக்கினு போனது அந்தக் கைதான். இதையும் அந்தக் கை தூக்கட்டும்."

"சூசன்னா, உள்ள வா, மழையில..."

"உங்க மேலதான் எனக்குக் கோவம். ஐயா மேல இல்ல. நீங்க அங்க நிக்கக் கூடாது. தண்ணிகூட நீங்க மொள்ளக் கூடாது."

சரி என்றேன்.

இவர் அங்கி போடவில்லை. கதவை அகலத் திறந்தார். பீடத்தில் ஏறக் கூடாது என்பதால் முன்னறையில், பிரசங்கம் எழுதும் மேஜையருகே. சூசன்னா தானே கிணற்றில் சேந்திக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

நான் கிணற்றடியில் நின்றேன். லில்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு. இவர் குரல் கேட்டது, கனமாக, நிதானமாக. பிள்ளையின் பெயரைச் சொன்னார். மழையில் எனக்குக் கேட்கவில்லை. கர்த்தருக்குக் கேட்டிருக்கும்.

போகும்போது குடையை நீட்டினேன். வாங்கவில்லை. பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு மழையிலேயே நடந்தாள்.

டிச. 12, சனி

பிள்ளை நேற்றிலிருந்து பஞ்சில் நனைத்த பாலைச் சப்புகிறதாம். நூ. அக்கா ஓடி வந்து சொன்னாள். சத்தமாகச் சிரித்துவிட்டேன், எத்தனையோ நாளைக்குப் பிறகு. மூப்பருக்கு விஷயம் தெரிந்து வீட்டில் பெரிய ரகளையாம். பிள்ளை பிழைக்குமா என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

மேலிடத்துக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் சபை வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிகிச்சை முடியும் வரை செங்கல்பட்டுச் சபையில் ஊழியம் இல்லை. கடலோரக் குப்பத்தார் ஒப்புக்கொண்டால் அங்கே இருக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன என்று எழுதவில்லை.

இவர் இரண்டு முறை படித்தார். மடித்து வேதத்துக்குள் வைத்தார். "கேட்டுப் பாக்கலாம். கர்த்தர் எங்க இறக்கி விடறாரோ அங்க" என்றார்.

கட்ட வேண்டியவை: பாத்திரம், லில்லி துணி, மாத்திரைப் புட்டி, ஒரு மாதத்துக்கான கட்டுத் துணி.

டிச. 14, திங்கள்

பஸ் ஆறே முக்காலுக்கு. கிழக்கே திரும்பவும் கறுத்திருக்கிறது. லில்லியை நூ. அக்காவிடம் விட்டாயிற்று.

குப்பத்தாருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. போனதும் ஐயா வந்தார் என்று சூழ்ந்துகொள்வார்கள். கயிறு இழுத்த கையைப் பிடித்துக்கொள்வார்கள். மீன் குழம்பு வைப்பார்கள், இலை போடுவார்கள்.

"உட்கார்றதுக்கு முன்னால சொல்லிடணும். ஒரு வாய் தண்ணி வாங்கறதுக்கு முன்னால. நான் சொல்றேன்" என்றேன்.

இவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. நீயே சொல்லு" என்றார்.